அடையாற்றுப் படுகையின் செடிகொடிகளைக் கணக்கெடுப்பது எப்படி?

ஆற்றங்கரையில் நடந்து, கண்ணில் பட்ட செடிகளின் பெயரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தால் ஒரு பட்டியல் கிடைக்கும். அதுவும் வேண்டியதுதான். ஆனால் சென்னையின் அடையாற்றில் எருக்கு இருக்கிறது, புங்கம் இருக்கிறது, கோரை இருக்கிறது என்று மட்டும் எழுதி வைத்தால், பத்து வருடம் கழித்துப் படிப்பவருக்கு அந்த ஆறு எப்படி இருந்தது என்று ஒன்றுமே தெரியாது. எந்தச் செடி, தண்ணீரிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி, எவ்வளவு உயரத்தில், சேற்றிலா மணலிலா கொட்டிய கட்டடக் கழிவின் மேலா, எந்த மாதத்தில், எத்தனை நின்றது என்பதெல்லாம் கூடவே இருந்தால்தான் அந்தப் பெயருக்கு உயிர் வரும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் குறிப்பு. கல்லூரி மாணவர்கள், ஞாயிற்றுக்கிழமை இயற்கை நடை போகிறவர்கள், ஏரிக்கரைக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். தாவரவியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

படுகையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அடையாறு மலையில் பிறக்கும் ஆறு இல்லை, ஏரிகளில் பிறக்கும் ஆறு. ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, கலங்கல் வழியே வழியும் நீர் கால்வாய்களில் இறங்கி ஒன்றுசேர்ந்து, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்தின் உபரிநீரையும் வாங்கிக்கொண்டு, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று நகருக்குள் புகுந்து, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் பெசன்ட் நகர் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் சேர்கிறது. மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர். இதில் ஆற்றின் இரண்டு கரை மட்டும் படுகை ஆகிவிடாது. மேலே உள்ள ஏரிகள், வரத்துக் கால்வாய்கள், இன்னும் மிச்சமிருக்கும் வயல்கள், திருநீர்மலை மாதிரி சின்னக் குன்றுகள், கிண்டி மேட்டுநிலத்துக் காடு, எங்கெல்லாம் விழும் மழை இந்த ஆற்றுக்கு வருகிறதோ அதெல்லாம் சேர்த்தி.

கூகுள் எர்த்தைத் திறந்து ஆற்றை நான்கு துண்டாகப் பிரியுங்கள்: ஏரிப் பகுதி, புறநகர்ப் பகுதி, நகரப் பகுதி, கழிமுகம். பழைய செயற்கைக்கோள் படங்களும் அதிலேயே இருக்கின்றன, கட்டாயம் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கரை எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்தாலே, எங்கே பழைய மரம் நிற்க வாய்ப்பு உண்டு, எங்கே எல்லாம் அடித்துக்கொண்டு போய்ப் புதிதாக முளைத்தது என்று ஒரு கணக்கு மனதுக்கு வந்துவிடும்.

ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது மூன்று இடங்களில் ஆற்றுக்குக் குறுக்காக ஒரு கோடு போட வேண்டும். இடத்தை நீங்கள் பார்த்துப் பிடித்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், பச்சையாகவும் அழகாகவும் இருக்கும் இடத்துக்குக் கால் தானாகப் போகும். வரைபடத்தில் கரையோரம் 500 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். சீட்டில் வந்த இடம் கான்கிரீட் சுவராக இருந்தாலும் அங்கேயே போய், "செடி இல்லை, சுவர்" என்று எழுதிவிட்டு வாருங்கள். நகரப் பகுதியில் எத்தனை கோடுகள் சுவரில் முட்டின என்பதும் இந்த ஆற்றைப் பற்றிய முக்கியமான செய்தி.

எப்போது போவது

சென்னைக்கு வருடம் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. அதனால் மற்ற ஊர்க் கையேடுகளில் ஜூலை, ஆகஸ்ட் என்று போட்டிருப்பதை அப்படியே பின்பற்றினால் இங்கே ஒத்துவராது. தை, மாசி மாதங்கள்தான் அருமையான காலம். தண்ணீர் வடிந்திருக்கும், சேறு இறுகியிருக்கும், சிறுசெடிகள் பூத்திருக்கும், வெயிலும் தாங்கும். இரண்டாவது சுற்று ஜூன், ஜூலையில். அப்போது சிறுசெடிகள் பாதி காணாமல் போயிருக்கும், எது வறட்சியைத் தாங்கி நிற்கிறது, எது சாக்கடை நீரை நம்பி வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒரே ஒரு சுற்றுதான் முடியும் என்றால் தை, மாசியை விடாதீர்கள். பருவமழைக் காலத்தில் ஆற்றுக்குள் இறங்கவே வேண்டாம்; செம்பரம்பாக்கத்தில் ஷட்டர் திறந்தால் கீழே தண்ணீர் ஏறுவதற்கு அதிக நேரம் ஆகாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. 30 மீட்டர் டேப், தையல்காரர் டேப் ஒன்று (மரத்தின் சுற்றளவுக்கு இதைவிட வசதியானது கிடையாது), மீட்டருக்கு மீட்டர் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, எலெக்ட்ரிக் பிவிசி பைப்பை வெட்டிச் சேர்த்த ஒரு மீட்டர் சதுரச் சட்டம், பென்சில் (பேனா மை ஈரத்தில் கரையும்), அட்டை, பழைய செய்தித்தாள், ஜிப் கவர், கைலென்ஸ். முழங்கால் வரை வரும் கம்பூட்டும் தடித்த கையுறையும் கட்டாயம். கேன் தண்ணீரைச் சோதிக்க வீட்டில் வாங்கி வைத்திருக்கிற டிடிஎஸ் மீட்டரையும் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) எடுத்துக்கொள்ளுங்கள், கழிமுகத்தில் பெரிதும் உதவும். கரையின் உயரத்தை அளக்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். ஒருவர் தண்ணீர் விளிம்பில் ஒரு முனையைப் பிடிக்க, இன்னொருவர் மேலே போகப் போக எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறோம் என்று குறித்துக்கொண்டே வரலாம். இந்த உயரக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆற்றங்கரையில் அரை மீட்டர் ஏறினாலே ஒரு செடியின் வேர் வருடத்தில் எத்தனை நாள் நீரில் நிற்கும் என்பது மாறிவிடும், அத்தோடு செடியும் மாறிவிடும். அதனால் தயவுசெய்து விடாதீர்கள்.

கட்டம் போடுவது

குறுக்குக்கோட்டில் நான்கு பட்டைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்: தண்ணீருக்குள், தண்ணீர் விளிம்புச் சேறு, சரிவு, கரைமேடு. ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனிக் கட்டம். புத்தகங்களில் மரத்துக்கு 10க்கு 10 மீட்டர், புதருக்கு 5க்கு 5, சிறுசெடிக்கு 1க்கு 1 என்று இருக்கும். காட்டுக்கு அது சரி. நம் ஆற்றங்கரையிலோ பல இடங்களில் சரிவே ஆறேழு மீட்டர்தான். அங்கே 10க்கு 10 போட்டால் பாதி தண்ணீரிலும் பாதி யாரோ வீட்டு மதிலிலும் போய் நிற்கும். அதற்குப் பதிலாகக் கரையோடு இணையாக 20 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் போடுங்கள். அதே நூறு சதுர மீட்டர்தான், ஆனால் ஒரே பட்டைக்குள் அடங்கும். மூலை சரியாக 90 டிகிரி வர 3, 4, 5 மீட்டர் பக்கங்களில் கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பாருங்கள்.

மரங்களுக்குத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். 30 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் மரம், 10 முதல் 30 வரை இளமரம், அதற்குக் கீழே கன்று. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த உயரத்தில் முண்டு இருந்தால் சற்று மேலே எடுத்து, எங்கே எடுத்தோம் என்று எழுதுங்கள். சீமைக்கருவேலம்தான் ரொம்பப் படுத்தும், அடியிலேயே ஐந்தாறாகக் கிளைத்திருக்கும். அப்போது மரம் ஒன்று என்று எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு தண்டின் சுற்றளவையும் தனியாக எழுத வேண்டும். கன்றுகளை அலட்சியம் செய்யாதீர்கள். கரைமேட்டில் பெரிய புங்கமும் நாவலும் நின்று, அவற்றுக்குக் கீழே ஒரு கன்றுகூட இல்லாமல் வெறும் சீமைக்கருவேல நாற்றாக இருந்தால், இன்னும் முப்பது வருடத்தில் அந்தக் கரை எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துவிடுகிறது.

சிறுசெடிகளில் ஒரு சிக்கல் வரும். கரிசலாங்கண்ணி, தேள்கொடுக்கு போன்றவற்றை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம். அருகம்புல், சம்பு, கோரை, ஆகாயத்தாமரை போன்றவற்றை எண்ண முடியாது, எங்கே ஒரு செடி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அவற்றுக்குக் கட்டத்தில் எத்தனை சதவீதத்தை மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். 5க்குக் கீழ், 5–25, 25–50, 50–75, 75க்கு மேல் என்ற ஐந்து படிகள் போதும். ஐரோப்பியத் தாவரச் சூழலியலில் ப்ரான்-ப்ளாங்கே வகுத்த அளவுகோலின் எளிய வடிவம் இது. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பிட்டுவிட்டு அப்புறம் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேரத்தில் இருவர் கண்ணும் ஒன்றுபோல் பழகிவிடும்.

எத்தனை கட்டம் போட்டால் போதும் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இதுவரை வந்த மொத்த இனங்களின் எண்ணிக்கையைப் புள்ளி வைத்து வரைந்துகொண்டே வாருங்கள். தொடக்கத்தில் விறுவிறுவென ஏறும், போகப் போகப் படுக்கும். தொடர்ந்து நான்கைந்து கட்டத்தில் புதிதாக எதுவும் வரவில்லை என்றால் அந்தப் பட்டைக்குப் போதும்.

கழிமுகத்தில் என்ன பார்ப்பது

இந்தப் பகுதிக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள், ஏனென்றால் ஒரு கல் எறியும் தூரத்துக்குள் இங்கே செடிக் கூட்டம் மூன்று தடவை மாறும். மணல் மேட்டில் அடம்பும் இராவணன் மீசையும். மணலைப் பிடித்து வைப்பவை இவை இரண்டும்தான். அங்கிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கினால் உப்புச் சேற்றில் உமரியும் செசூவியமும் பாய் விரித்திருக்கும். செசூவியத்தின் இலையைக் கிள்ளினால் நீர் தெறிக்கும், அவ்வளவு சதைப்பற்று. உமரி பச்சையாகத் தொடங்கி, சேறு காய்ந்து உப்பு ஏற ஏறச் சிவக்கும், அதனால் நிறத்தையும் எழுதுங்கள். இன்னும் கீழே, ஏற்றத்தில் மூழ்கி வற்றத்தில் வெளிப்படும் சேற்றில் வெண்கண்டல். அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாகக் குத்திட்டு நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது, அவற்றின் மேல் மிதித்து நடக்காதீர்கள். வெயில் ஏறிய பிறகு கண்டல் இலையைக் கைலென்ஸில் பாருங்கள், வெள்ளைப் பொடியாக உப்புப் பரல்கள் ஒட்டியிருக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளியதுதான் அது. ஒரு சதுர மீட்டர் சட்டத்தை உமரிக்கும் கண்டலுக்கும் நடுவில் எங்காவது வைத்துவிட்டு, அரை மணி நேரம் அதை மட்டும் பார்த்து எழுதுங்கள். மூச்சுவேர் எத்தனை, அவற்றுக்கு நடுவே விழுந்து வேர்விட்ட கண்டல் நாற்று எத்தனை, பிளாஸ்டிக் கவரில் மாட்டி மடிந்தது எத்தனை என்று எண்ணினால், இந்தக் கண்டல் கூட்டம் பெருகுகிறதா சுருங்குகிறதா என்று உங்கள் தாளே சொல்லிவிடும். ஒரு விஷயம், கண்டலில் ஒரு பகுதி நட்டு வளர்த்தது. 2011இல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவை அமைத்தபோது, அது இருக்கும் உப்பங்கழியில் நிறைய நடவு நடந்தது. வரிசையாக நிற்பதைப் பார்த்தால் "நட்டது" என்று குறியுங்கள்.

உப்பை அளப்பது எளிது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வீட்டு டிடிஎஸ் மீட்டர் அவ்வளவு தூரம் காட்டாது. ஒரு பங்கு ஆற்றுநீருக்கு ஒன்பது பங்கு பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் சேர்த்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். துல்லியம் குறைவுதான், ஆனால் கோட்டூர்புரத்துக்கும் முகத்துவாரத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோடையில் அலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைத்துவிடும்போது உள்ளே உள்ள நீர் எப்படி ஆகிறது என்பதும் இதே மீட்டரில் தெரியும். மணல்மேடு எந்த மாதம் மூடியது, எப்போது தோண்டித் திறந்தார்கள் என்று குப்பத்து மீனவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு அத்துப்படி. அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு, நாம் என்ன செய்கிறோம் என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் நின்று பேசுவார்கள்.

ஏரிப் பகுதியில்

மேலே ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கம் கதையே வேறு. தை மாதத்திலிருந்து ஏரி நீர் பின்வாங்க வாங்க, வெளிப்படும் சேற்றில் செடிகள் வளையம் வளையமாக முளைக்கும். நீரில் அல்லியும் வேலம்பாசியும், விளிம்பில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, கோரை வகைகள், அதற்கு மேலே காய ஆரம்பித்த வண்டலில் பொடுதலை, மஞ்சள் பொத்தான் பூ வைத்த மாசிபத்திரி, தரையோடு ஒட்டிப் படர்ந்த செருப்படை. நீர் ஒரு வாரத்துக்கு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று ஒரு குச்சி நட்டு வைத்தீர்களானால், ஒவ்வொரு வளையமும் சுமார் எத்தனை நாள் வயது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஒரு நிலம் வெறுமையிலிருந்து எப்படி மூடப்படுகிறது என்பதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டும் இடம் இதைப் போல வேறு கிடைக்காது. ஏரிக்கரை மேட்டில் பனையும், சில ஏரிகளுக்குள்ளேயே சமூகக் காடு திட்டத்தில் நட்ட கருவேலமும் இருக்கும். வேலி ஓரங்களில் நொச்சி. நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும் புதராக மண்டியிருக்கும் கால்வாய்களைத் தனியாகக் குறித்து வையுங்கள், நீர் வரத்தை அது எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது பின்னால் பலருக்கும் உதவும்.

நடுவில் உள்ள புறநகரும் நகரமும் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாக்கடை சேரும் இடங்களில் நீர்ப்புல், சம்பு, ஆகாயத்தாமரை. குப்பை மேட்டில் ஆமணக்கு, எருக்கு, பார்த்தீனியம். சரிவு முழுக்கச் சீமைக்கருவேலம். ஒவ்வொரு வடிகால் வாய்க்கு மேலே ஒரு கட்டம், கீழே ஒரு கட்டம் என்று ஜோடியாகப் போடுங்கள், அப்போதுதான் மாற்றம் எதனால் என்று சொல்ல முடியும். கிண்டி மேட்டுநிலத்தை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். அங்கே இருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, இந்தியாவில் சோழமண்டலக் கரைக்கே உரியது, துண்டு துண்டாகத்தான் மிச்சமிருக்கிறது. அங்கே காசான், களா, வீரை போன்றவற்றை ஒரு முறை நன்றாகப் பார்த்துப் பழகிக்கொண்டால், ஆற்றங்கரை மேட்டில் எங்காவது ஒரு பழைய தோப்பில் அவற்றில் ஒன்று தப்பி நிற்கும்போது கண் பிடித்துவிடும்.

பெயர் கண்டுபிடிப்பது

ஒரு செடிக்கு ஒரு படம் எடுத்தால் போதாது. முழுச்செடி, இலையின் மேல்புறம், கீழ்ப்புறம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம், பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும், காய், பட்டை. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல். கசக்கி முகர்ந்து பார்த்த வாசனை, பால் வந்ததா என்பது படத்தில் வராது, அதை எழுதுங்கள். படத்தைப் பார்த்து இனத்தின் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்ல துணைதான், ஆனால் புற்களிலும் கோரைகளிலும் அது சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். தாவரவியல் துறை இருக்கும் கல்லூரி ஒன்றில் ஆசிரியரைப் பார்த்துக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

வேல மரங்களில்தான் அதிகம் குழம்புவார்கள். மஞ்சள் உருண்டைப் பூவும், மணி மணியாக இடுங்கிய சாம்பல் நிறக் காயும் இருந்தால் கருவேலம். விரல் நீளக் கதிர்போல இளமஞ்சள் பூவும், வெளிர்மஞ்சளாகச் சற்றே வளைந்த காயும் இருந்தால் சீமைக்கருவேலம். சுருண்டு முறுக்கிய காயில் கறுப்பு விதை, வெள்ளைச் சதை என்றால் கொடுக்காப்புளி. பூவும் காயும் இல்லாத நேரத்தில் சந்தேகம் இருந்தால் "வேல இனம், உறுதி இல்லை" என்று எழுதுவதே மேல். தமிழ்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஆகாயத்தாமரை என்று ஊருக்கு ஊர் இரண்டு வேறு செடிகளைச் சொல்கிறார்கள். அறிவியல் பெயர்களும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன. கருவேலத்தின் அக்கேசியா நிலோட்டிகா இப்போது வச்செல்லியா நிலோட்டிகா, இந்தக் குறிப்பில் ஆகாயத்தாமரை என்று சொல்லும் ஐக்கார்னியா இப்போது பாண்டெடேரியா. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் இணையப் பட்டியலில் சரிபார்த்து, எந்தத் தேதியில் பார்த்தோம் என்றும் குறித்துவிட்டால் பின்னால் சிக்கல் வராது.

மாதிரி எடுப்பதாக இருந்தால் பூவோடு ஒரு கிளை போதும், அதுவும் அந்த இடத்தில் அது நிறைய இருந்தால் மட்டும். ஒன்றிரண்டுதான் இருக்கிறது என்றால் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செய்தித்தாள் நடுவில் வைத்து அழுத்தி, முதல் சில நாட்கள் தினமும் தாளை மாற்ற வேண்டும், இங்கே உள்ள ஈரக்காற்றில் இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். செசூவியம், உமரி போன்ற சதைப்பற்றுள்ளவை தாளுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அவற்றைக் கொதிநீரில் ஒரு முறை முக்கி எடுத்துவிட்டு அழுத்துங்கள்.

கணக்கு

பயப்படும்படி எதுவும் இல்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன், எண்கள் கணக்குக்காக வைத்தவை. நூறு சதுர மீட்டர் கட்டங்கள் பத்து போட்டீர்கள், அதில் நான்கு கட்டங்களில் புங்கம், மொத்தம் 12 மரம். வந்த கட்டங்களின் சதவீதம் 40, இதுதான் அதிர்வெண். பத்துக் கட்டம் ஆயிரம் சதுர மீட்டர், அதாவது ஹெக்டேரில் பத்தில் ஒன்று. ஆகவே அடர்த்தி ஹெக்டேருக்கு 120 மரம். வந்த கட்டங்களில் மட்டும் பார்த்தால் சராசரி மூன்று. அந்த மூன்றை 40ஆல் வகுத்தால் 0.075. இது 0.05க்கு மேல் போனால் அந்த மரம் கும்பலாக நிற்கிறது என்று அர்த்தம், 0.025க்குக் கீழே என்றால் சீராகப் பரவியிருக்கிறது. அடிப்பரப்புக்கு, அதாவது அளந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்புக்கு, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி 12.57ஆல் வகுக்க வேண்டும். 90 சென்டிமீட்டர் சுற்றளவு மரத்துக்குச் சுமார் 645 சதுர சென்டிமீட்டர் வரும். அதிர்வெண், அடர்த்தி, அடிப்பரப்பு மூன்றையும் அந்தப் பட்டையின் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றிக் கூட்டினால் அந்த இனத்தின் முக்கியத்துவ மதிப்பு. எல்லா இனத்துக்கும் சேர்த்து 300 வரும், வராவிட்டால் எங்கோ கூட்டல் தப்பு.

பன்மைக்கு, அதாவது எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்பதற்கு, ஷானன் குறியீட்டைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அதன் இயல்மடக்கையால் (ln) பெருக்கிக் கூட்டி, கழித்தல் குறியை எடுத்துவிட வேண்டும், எக்செல் ஒரு நொடியில் செய்துவிடும். இரண்டு கரைகளை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் ஐந்து இனம், நூறு செடி. ஒன்றில் ஒவ்வொன்றும் இருபது, குறியீடு 1.61. மற்றதில் சீமைக்கருவேலம் மட்டும் 92, மற்ற நான்கும் இரண்டிரண்டு, குறியீடு 0.39. வெறும் பட்டியலில் இரண்டும் "ஐந்து இனம்" என்றுதான் இருந்திருக்கும்.

ஆனாலும் இந்த எண்ணை மட்டும் வைத்து எந்தக் கரை நல்ல கரை என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கண்டல் சேற்றில் இயற்கையாகவே இரண்டு மூன்று இனம்தான் தாக்குப்பிடிக்கும், குறியீடு குறைவாகத்தான் இருக்கும். கட்டடக் கழிவு கொட்டிய மேட்டிலோ இருபது வகைக் களை முளைத்து எண் எகிறும். என்னைக் கேட்டால் அந்த மேட்டைவிட அந்தச் சேறுதான் காப்பாற்ற வேண்டிய இடம். அதனால் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே நம் மண்ணின் செடியா, வெளியிலிருந்து வந்ததா, நட்டதா, தானாக முளைத்ததா என்று ஒரு பத்தி போட்டு, பன்மையை நம் மண்ணின் செடிகளுக்கும் வெளியிலிருந்து வந்தவற்றுக்கும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஆகாயத்தாமரை, சீமைக்கருவேலம், நெய்வேலிக் காட்டாமணக்கு, தூங்குமூஞ்சி எல்லாம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஆவணம் ஒன்று நமக்கு இருக்கிறது. பி.வி. மயூரநாதன் தொகுத்த சென்னை நகரப் பூக்கும் தாவரங்களின் விவரத்தைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்டது. உங்கள் பட்டியலையும் அதையும் பக்கத்தில் வைத்து, அதில் இருந்து இப்போது காணோம் என்பவற்றை ஒரு தனித்தாளில் எழுதுங்கள். அடுத்த சுற்றில் தேடிப் போக வேண்டியவை அவைதான்.

அனுமதியும் பாதுகாப்பும்

கிண்டி தேசியப் பூங்காவில் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது. தொல்காப்பியப் பூங்காவுக்குச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளையிடமும், பிரம்மஞான சபை வளாகத்துக்கு அவர்களிடமும் கேட்க வேண்டும். நந்தம்பாக்கம் பக்கம் ராணுவ நிலம் இருக்கிறது, மணப்பாக்கம் அருகே விமான நிலைய ஓடுபாதையே ஆற்றின் மேல் பாலமாகக் கடக்கிறது. அந்தப் பகுதிகளில் கேமராவோ டிரோனோ எடுக்கவே எடுக்காதீர்கள், சீட்டில் வந்தாலும் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தனியாகப் போகாதீர்கள், குறைந்தது மூன்று பேர். நகரப் பகுதி நீர் பெரும்பாலும் சாக்கடை. காலில் கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு எழுதுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் இப்படித்தான் வரும். இறங்கிவிட்டு வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சம்புக்குள்ளும் கல் குவியலிலும் கை விடுவதற்கு முன் கழியால் தட்டுங்கள், கண்ணாடி விரியன் இந்தக் கரைகளில் சாதாரணம். கழிமுகச் சேற்றில் எங்கே கால் புதையும் என்று மீனவர்களைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

எழுதி வைப்பது

வீட்டுக்கு வந்த அன்றே தாளைப் படம் எடுத்து, கணினியில் ஏற்றிவிடுங்கள். ஒரு வரிக்கு ஒரு பதிவு: தேதி, துண்டு, கோட்டு எண், பட்டை, கட்ட எண், நீரிலிருந்து தூரம், உயரம், மண், செடி, எண்ணிக்கை அல்லது சதவீதம், சுற்றளவு, படத்தின் எண், அடையாளம் சொன்னவர். ஃபோன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், சரிவில் அந்தச் சில மீட்டருக்குள் பட்டையே மாறிவிடும். அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் வெள்ளம் அடித்துக்கொண்டு போகாத ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள், பாலத்தின் தூண், கோயில் மதில் மூலை, பழைய மதகு. அங்கிருந்து எந்தத் திசையில் எத்தனை மீட்டர் என்று எழுதி, நின்ற இடத்திலிருந்து நான்கு திசையிலும் ஒரு படம். கணினிக் கோப்பின் நகலை மூன்று பேராவது வைத்திருங்கள். மண்ணிவாக்கத்திலோ அனகாபுத்தூரிலோ வேறு குழு ஏதாவது இதே வேலையைச் செய்தால், அவர்களும் அதே பத்திகளை அதே வரிசையில் நிரப்பும்படி முதலிலேயே பேசிவிடுங்கள். அடுத்த தையில் இரண்டு கோப்புகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிக் கணக்குப் போட அது போதும்.